புல்லுருவி அன்று



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக்காரரின் கீழ்த் தோட்ட வேலை பார்ப்பவர் அவர். ஏதோ குடும்பச் சிக்கல் என்று எண்ணி அருகில் அமர்ந்தேன். அவர் கேட்டதோ ஒரு செடியைப் பற்றி.

“சாமி, எங்கள் தொழிற்சாலையின் வரவேற்புக் கூடத்தில் பத்துத் தொட்டிகளில் ஒரு செடி வைத்திருக்கிறார்கள். தாழை போன்ற இலை, நடுவில் நல்ல சிவப்பு. இலைகளுக்கு நடுவே கிண்ணம் போலத் தண்ணீர் நிற்கிறது. கொசு ஒழிப்புக்கு வந்தவர்கள் செடியைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். மேலாளரோ, விலை கொடுத்து வாங்கியது, எறியாதே என்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது? இது தன் சொந்த நாட்டில் மரத்தின்மேல் வளருமாம். அப்படியென்றால் இது புல்லுருவிதானே, சாமி?”

அந்தக் கடைசிச் சொல் என் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் செடியைப் பார்ப்போம்.

அச்செடியின் பெயர் புரோமிலியா. பெயர் புதிதாயினும் அதன் குடும்பம் நமக்குப் புதிதன்று. கேரளத்து வாழக்குளத்திலிருந்தும் நம் கொல்லிமலையிலிருந்தும் வருகின்ற அன்னாசி அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கனியாவதே அன்னாசிப்பழம். ஒருமுறை கனி தந்த தண்டு மீண்டும் கனி தருவதில்லை. அது வாடுமுன் பக்கத்தில் கன்றுகளை ஈன்று செல்லும். வாழையடி வாழை என்று நாம் சொல்வது அதற்கும் பொருந்தும்.

அன்னாசி நம் நாட்டுப் பயிர் அன்று. கொலம்பசு 1493-ஆம் ஆண்டு தமது இரண்டாம் பயணத்தில் குவாதலூப்புத் தீவில் அதனைக் கண்டார். பின்னர்ப் போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் சொல்லே போர்த்துக்கீசியர் வாய்வழியாக வந்து நமக்கு ‘அன்னாசி’ ஆயிற்று. மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகியவையும், என்னைப் போன்றோரைக் குறிக்கும் ‘பாதிரி’ என்னும் சொல்லும் அவ்வழியே வந்தவைதாம். பேரரசர் சகாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில், ஐரோப்பியரின் துறைமுகங்களிலிருந்து வந்த இப்பழம் ஆக்ராவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விளைந்ததாக எழுதியுள்ளார். நூறாண்டுகளுக்குள் அந்நியப் பயிர் அரண்மனைப் பயிர் ஆயிற்று. இன்று அதனை அந்நியம் என்று யாரும் ஒதுக்குவதில்லை.

இக்குடும்பத்துக்குப் பெயரளித்தவர் ஒரு துறவி என்பதை அறிந்தால் நீங்கள் மகிழ்வீர்கள். பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் 1646-இல் பிறந்த சார்லசு புளூமியே, பவுலா நகர்ப் புனித பிரான்சிசு நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்தவர். மினிம் என்றால் மிகச் சிறியோர். அவர் மும்முறை மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று தாவரங்களை வரைந்தும் வகைப்படுத்தியும் வந்தார். நான்காம் முறை புறப்பட்ட வேளையில், 1704-இல், இசுப்பானியத் துறைமுகம் ஒன்றில் காலமானார். இச்செடி வகைக்குத் தம் பெயரை இடாமல், சுவீடன் நாட்டு மருத்துவரும் தாவரவியலாருமான புரோமேலியசின் பெயரை இட்டார். அவருடைய பெயரை வேறொரு மரத்துக்குப் பின்னவர்கள் சூட்டினர். நம் கல்லறைத் தோட்டங்களில் வெள்ளைப் பூச் சொரிந்து நிற்கின்ற ஈழத்தலரியே அம்மரம். அறிவியல் நூல்களில் அதன் பெயர் புளூமேரியா. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே.

இனி, புரோமிலியாக்கள் எங்கெங்கு வாழ்கின்றன என்பதைக் காண்போம். இக்குடும்பத்தில் ஏறத்தாழ 3,700 இனங்கள் உள்ளன. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைகளில் ஓர் இனம் வளர்கிறது. தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த காலத்தின் எச்சமோ அது என்று கேட்கத் தோன்றும். அன்று. அவ்விரு கண்டங்களும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே அது கடலைக் கடந்து சென்று குடியேறியது என்று அறிஞர் கணித்துள்ளனர். செடி கொடிகளும் புலம்பெயர்கின்றன.

அமெரிக்காவுக்குள் அவை புகாத இடம் குறைவு. வடக்கே வர்சீனியா மாநிலம் முதல் தெற்கே சிலி, அர்சென்டினா நாடுகள் வரை பரவியுள்ளன. அட்டகாமா என்னும் மழையற்ற பாலைநிலத்தில், மண்ணைப் பற்றும் வேரின்றி, கடல்மூட்டத்தின் ஈரத்தை மட்டும் இலைகளால் பருகி வாழும் இனங்கள் உண்டு. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிசு மலையில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஓர் இனம் வளர்கிறது. பல பத்தாண்டுகள் காத்திருந்து, பனைமரம் போன்ற உயரத்துக்குப் பூந்தண்டு நீட்டி, ஒரே ஒருமுறை பூத்து மடிகிறது. எனினும் இவ்வினங்கள் திரளாகச் செழிப்பது ஈரம் மிக்க வெப்பமண்டலக் காடுகளில்தான். ஆண்டிசின் சரிவுகளும், பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளும் அவற்றின் தாயகங்கள். அந்த அட்லாண்டிக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. ஓர் உயிரினம் அழிந்தால், அது தன் வாழ்வினால் இறைவனுக்குச் செலுத்திவந்த புகழும் நின்றுவிடும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் வருந்தியதை இங்கு நினைவுகூர்வோம்.

மழைக்காட்டின் தரை இருண்டது. ஒளியெல்லாம் மரங்களின் உச்சியிலே. எனவே புரோமிலியாக்களில் பாதிக்கு மேற்பட்டவை கிளைகளின்மேல் ஏறி வாழ்கின்றன. அங்கே மண் இல்லை, தண்ணீர் தேங்காது. அவை என்ன செய்கின்றன? இலைகளின் அடிப்பாகத்தை ஒன்றோடொன்று நெருக்கி ஒரு கிண்ணம் ஆக்கிக்கொள்கின்றன. மழைநீர் அதில் நிற்கும். சருகு விழுந்து மட்கும். இலைகளிலுள்ள நுண்ணிய செதில்கள் அந்நீரையும் சத்தையும் உறிஞ்சும். வேர் கிளையைப் பற்றிக்கொள்ள மட்டுமே.

இன்னொரு விந்தை. இவற்றுள் பல இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. பகலில் துளைகளை அடைத்தபடியே, சூரிய ஒளியைக் கொண்டு அதிலிருந்து உணவு சமைக்கின்றன. நீர் வீணாகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அன்னாசியும் இப்படித்தான். இரவுப் பணிக்குச் சென்று பகலில் கதவடைத்து உறங்கும் பிள்ளைகளைப் பெற்ற நம் பகுதித் தாய்மாருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறு கிண்ணத்தை நம்பி எத்தனை உயிர்கள்! கோசுட்டா ரிக்கா நாட்டு அறிஞர் கிளோடோமிரோ பிக்காடோ 1913-இல் இதனை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். தவளைக் குஞ்சுகளும் புழுக்களும் வண்டுகளும் அதில் வாழ்கின்றன. சமைக்காத் தீவிலோ ஒரு சிறு நண்டினமே இக்கிண்ணத்தில் குடும்பம் நடத்துகிறது. தாய் நண்டு, குஞ்சுகள் பொரிக்குமுன் நீரில் விழுந்த சருகுகளை அகற்றுகிறது. சருகு அழுகினால் குஞ்சுகளின் மூச்சுக்குரிய காற்று குறையும். வெற்று நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து நீருக்குள் இடுகிறது. ஓட்டின் சுண்ணாம்பு நீரின் புளிப்பைத் தணித்து, குஞ்சுகளின் ஓடு உறுதிப்பட உதவுகிறது. பள்ளிக்கூடம் காணாத தாய்க்கு இந்த அறிவைக் கொடுத்தவர் யார்?

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். இது புல்லுருவியா?

புல்லுருவி எது என்பதை மாந்தோப்பு வைத்திருப்போர் அறிவர். பறவை கொண்டுவந்து ஒட்டிய விதை கிளையில் முளைத்து, உறிஞ்சு வேரை மரத்தின் உடலுக்குள் செலுத்தி, மரம் மண்ணிலிருந்து எடுத்த நீரையும் சத்தையும் திருடுகிறது. கிளை மெலிந்து பட்டுப்போகும். புரோமிலியா அப்படிப்பட்டதன்று. அது மரத்தின் உடலுக்குள் எதனையும் செலுத்துவதில்லை. தன் நீரை வானிலிருந்தும், தன் உணவை ஒளியிலிருந்தும் தானே ஈட்டிக்கொள்கிறது. மரத்திடம் அது கேட்பது ஓர் இடம் மட்டுமே. இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரம் என்று நம் பிள்ளைகளின் பாடநூல் சொல்கிறது. கொல்லிமலையில் சாறு வைக்கும் முடவாட்டுக்கால் அவ்வகையே. சோழமண்டலக் கரையை ஒட்டிய நம் காடுகளின் மரங்களில் தொங்கும் வேர்களோடு பூக்கின்ற வாண்டா என்னும் ஆர்க்கிட்டும் அவ்வகையே. கீழிருந்து அண்ணாந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஏறிப் பார்த்தவரே வேறுபாட்டை அறிவார்.

ஆயினும் இச்செடியால் தீங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. திரினிதாது தீவின் கொக்கோத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்பட்ட மரங்கள் நம் கலியாண முருங்கையின் உறவினம். அவற்றின்மேல் புரோமிலியாக்கள் அடர்ந்தன. அவற்றின் கிண்ணங்களில் மலேரியாக் கொசு பெருகிற்று. அத்தீவின் தோட்டத் தொழிலாளருள் இந்திய வம்சாவளியினர் பலர். 1845-க்குப் பின் கூலிகளாகக் கப்பலேறியோரின் வழிவந்தோர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோரின் பிள்ளைகளும் அவருள் உண்டு. 1940-களில் மரங்களின்மேல் மயில்துத்தக் கரைசலைத் தெளித்துச் செடிகளைக் கொன்றனர். அதே காலத்தில் அங்கே பணியாற்றிய பிட்டென்டிரை என்னும் அறிஞர், எந்தச் செடி மரத்தின் எந்த உயரத்தில், எவ்வளவு ஒளியில் வளர்கிறது, எந்தக் கொசு எந்த உயரத்தில் நடமாடுகிறது என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார்.

தென் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்திலும் இதே துன்பம். அங்கே நகரங்களைச் சூழ்ந்த காடுகளில் இச்செடிகளைப் பிடுங்கி எறிந்தனர். காட்டையே வெட்டவும் செய்தனர். அந்நாட்டில் அருட்தந்தை ரௌலினோ ரைட்சு என்னும் ஒரு குரு இருந்தார். 1919-இல் பிறந்தவர். 1942-இல் இத்தஜாயி நகரில் உலர்தாவரக் காப்பகம் ஒன்றை நிறுவியவர். அவர் மறையுரையோடு நின்றுவிடவில்லை. தம் மாநிலத்துப் புரோமிலியாக்களை இனம் இனமாகச் சேர்த்து, பெயரிட்டு, மலேரியாவுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1983-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். மக்கள் நோயால் மடிவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அறியாமல் அழிப்பதும் பொறுக்கவில்லை. ஒரு குருவானவர் செய்யத்தக்க பணி இதுவென்று நான் நினைக்கிறேன்.

இனி, அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்த காரணம்.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் நம் பங்குப் பேரவை கூடியது. ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் இங்கு வேலைக்கு வந்துள்ள கத்தோலிக்க இளைஞர் சிலர், மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் தங்கள் மொழியில் செபித்துப் பாட நம் மன்றத்தைக் கேட்டிருந்தனர். அப்போது ஒருவர் எழுந்து, “இந்தப் புல்லுருவிகளுக்கு மன்றத்தையும் கொடுத்தால் அடுத்து ஆலயத்தையே கேட்பார்கள்” என்றார். சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. “அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்று செபம் சொல்லி முடித்துவிட்டேன். குருவானவன் வாய்மூடிய அந்த நேரத்துக்காக நான் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். உங்கள் முன்னும் அறிக்கையிடுகிறேன்.

அப்படிச் சொன்னவர் கெட்டவர் அல்லர். இந்த ஆலயத்தின் சுவர் எழும்பியபோது செங்கல் சுமந்தவர். அவருடைய நன்செய் நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. மகன் தொழிற்கல்வி முடித்து ஒப்பந்த வேலையில் சேர்ந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அந்த வீட்டின் வலியை நான் அறிவேன். ஆனால் அந்த மகனை வீட்டுக்கு அனுப்பியவன் ஒடிசாவிலிருந்து வந்த சிறுவன் அல்லன். அவனும் ஒப்பந்தக்காரன் அழைத்தால் வருகிறவன்; விடுத்தால் போகிறவன்.

மனிதரைச் செடிக்கு ஒப்பிடுவது ஓரளவே பொருந்தும் என்பதை அறிவேன். ஆயினும் கேட்கிறேன். அந்த இளைஞர்கள் யாருடைய உடலில் வேரை இறக்கினார்கள்? தங்கள் கைகளால் உழைக்கிறார்கள். நம் கடைகளில் அரிசி வாங்குகிறார்கள். நம் வீடுகளுக்கு வாடகை தருகிறார்கள். நம்மிடம் கேட்டது ஓர் இடம். அதுவும் மாதம் ஒரு பிற்பகல். பெத்லகேம் சத்திரத்தில் மரியாவும் சூசையும் கேட்டதும் இடம்தான். கடுகு விதை மரமாகி, வானத்துப் பறவைகள் அதன் கிளைகளில் தங்கும் என்று நம் ஆண்டவர் விண்ணரசை உவமித்தபோது, எந்தப் பறவை எந்த மாநிலத்தது என்று கேட்கவில்லை.

“அவர்கள் தங்கும் இடம் அசுத்தம், நோய் வரும்” என்று சிலர் முறையிடுகிறீர்கள். உண்மை. தேங்கிய நீரில் கொசு வரும். ஆனால் நீரைத் தேக்கியவர் யார்? தகரம் வேய்ந்த ஓர் அறையில் பன்னிரண்டு பேர். முப்பது பேருக்கு ஒரு கழிப்பிடம். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. அந்த அறைகளில் சில நம் பங்குக் குடும்பங்களுக்கு உரியவை. பெயர் சொல்ல மாட்டேன். அந்தந்த வீட்டார்க்குத் தெரியும். நண்டுக்குள்ள அறிவு நமக்கு வேண்டாவா? சருகை அகற்றினால் நீர் தெளியும். இன்னொரு கழிப்பிடம் கட்டுங்கள். ஓர் அறையில் நால்வருக்கு மேல் வைக்காதீர்கள். அதனால் குறையும் வாடகையை ஆண்டவர் கணக்கில் எழுதிக்கொள்வார்.

நம்முள் எத்தனை பேர் இம்மண்ணின் பூர்வ குடிகள்? தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி ஒரு தகரப் பெட்டியுடன் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று பாடற்குழுவிலும் பேரவையிலும் இருக்கிறார்கள். நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள் என்பதை மறவாதீர்கள் என்று இசுரயேலர்க்குச் சொல்லப்பட்டது நமக்கும் சொல்லப்பட்டதே.

அந்த இளைஞருக்கு நான் கொடுத்த மறுமொழி இதுதான்: “தம்பி, இது புல்லுருவி அன்று. எறியவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். வாரம் இருமுறை தொட்டியைச் சாய்த்துக் கிண்ணத்து நீரை முற்றும் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்று. கொசுப்புழு பறக்கும் கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமாவது ஆகும். அதற்கு அவகாசம் கொடாதே. நடுவிலுள்ள சிவப்பு வாடினால் செடி செத்தது என்று எண்ணாதே. பக்கத்தில் கன்று வரும், அதைப் பிரித்து நடு.” அவர் அப்படியே மேலாளரிடமும் கொசு ஒழிப்புக்கு வந்தவர்களிடமும் சொல்லி, இருவரையும் இணங்கச் செய்துவிட்டார். பத்துத் தொட்டிகளும் இருக்கின்றன.

பேரவை இம்மாதம் மீண்டும் கூடியது. இம்முறை நான் முதலில் பேசினேன். மேலே எழுதியவற்றையே சொன்னேன். அன்று அந்தச் சொல்லைச் சொன்ன பெரியவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “மன்றத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, சாமி. எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?” என்று கேட்டார்.

வருகிற இரண்டாம் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு. அவர்களுடைய பாடல் நமக்கு விளங்காமற் போகலாம். வீட்டுக்கு ஒருவராவது வந்து, பின்வரிசையில் அமர்ந்து, அவர்களோடு செபியுங்கள்.

உங்கள் பங்குத்தந்தை